கடை எங்கள் தெருவுக்கு வருகிறது

2017 ஏப்ரல் 5
நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்ற உச்ச நீதிமன்ற உத்தரவால் 1ஆம் தேதி தமிழ்நாடு முழுக்க மூவாயிரத்துக்கும் மேல் கடைகளை மூடியபோது சந்தோஷப்பட்டேன். அந்தக் கடைகள் எங்கே போகும் என்று யோசிக்கவில்லை. இன்று எங்கள் தெருக்கோடியில் தகர ஷெட் போடுகிறார்கள், கேட்டால் குடோனாம். முன்பக்கக் கம்பி வலையில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை விட்டிருக்கிறார்கள், அது குடோன் இல்லை.

ஏப்ரல் 8, சனி
சம்பள நாள். பனியன் கம்பெனி வேன் இரவு எட்டரைக்கு எங்களை அந்த முக்கில்தான் இறக்கிவிடும். பக்கத்து வீட்டு அக்கா வரும் வழியெல்லாம் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார்: "ரெண்டு கிலோமீட்டர் நடக்கணுமேன்னு பாதி நாள் அந்த மனுசன் வீட்டுல கிடந்தாரு கண்ணு, இனி செருப்புகூடப் போட வேண்டாம்." சம்பளத்தை என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறார். அரிசி டப்பாவில் ஒளித்து வைப்பது அவர் வீட்டில் தெரிந்துபோய்விட்டது.

ஏப்ரல் 10
கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தோம். ரசீது தந்தார்கள்.

ஏப்ரல் 12
நேற்று சாமளாபுரத்தில் கடைக்கு எதிராகச் சாலையில் உட்கார்ந்த பெண்களில் ஒருவரை ஒரு போலீஸ் அதிகாரி கன்னத்தில் அறைந்த வீடியோவைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். அதுவும் எங்கள் திருப்பூர் மாவட்டம்தான். பார்க்கப் பார்க்கக் கை நடுங்கியது. இதுவரை "உனக்கெதுக்கு வம்பு" என்று என்னைத் தடுத்துக்கொண்டிருந்த அத்தை, டிவியை அணைத்துவிட்டு, "நாளைக்கு நானும் வர்றேன்" என்றார்.

ஏப்ரல் 15
மூன்றாவது நாளாக ஷெட் வாசலில் இருக்கிறோம், தூக்குப்போசியில் சோறு, நிழலுக்குப் பழைய சேலை. "பொம்பளைங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்றார் ஒரு பெரியவர். இதே கொங்கு மண்ணில், ஈரோட்டில், 1921இல் கள்ளுக்கடை மறியலுக்காகப் பெரியாரைச் சிறையில் அடைத்ததும் அவர் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் தடை உத்தரவை மீறிக் கடை முன்னால் நின்றதைச் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை, அப்புறம் அவர் வீட்டிலிருந்தே மோர் வந்தது. மாலையில் பெட்டிகளோடு வந்த லாரிக்கு யாரும் வழிவிடவில்லை. அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனது. இன்று சம்பள நாள், வேன் வந்ததும் அக்கா நேராக இங்கே வந்து உட்கார்ந்தார். ராத்திரிக்கு யார் யார் என்று அத்தை பெயர் எழுதிக்கொண்டிருக்கிறார்.