பெஞ்ச் காலால்தான் தண்ணீர் குடிக்கும்

தோட்டத்துக்குப் புது மரப்பெஞ்ச் வந்தால் நடப்பது எங்கும் ஒன்றுதான். மூன்று கோட் வார்னிஷ் ஏறும். முகம் தெரிகிறதா என்று ஆளாளுக்குக் குனிந்து பார்ப்பார்கள். முதல் மழை வந்ததும் துணியால் ஒரு துடை துடைத்துவிட்டுப் பெருமையாக உட்காருவார்கள். இன்னும் ஓரிரு மழைக்காலம் போகட்டும். ஒருநாள் கொஞ்சம் கனமான விருந்தாளி உட்காருவார். பெஞ்ச் ஒரு பக்கமாக மரியாதையோடு சாயும். மேலே பார்த்தால் இன்னும் மாப்பிள்ளை மினுமினுப்பு. கால்களின் அடி மட்டும் ஊறிய ரொட்டி.

மரம் உயிரோடு நின்றபோது வேரிலிருந்து தண்ணீர் ஏற்றிய நுண்குழாய்கள், அறுத்து இழைத்த பிறகும் உள்ளே அப்படியேதான் இருக்கின்றன. அதனால் பலகையின் முகத்தைவிட, குறுக்கே அறுத்த முனை பல மடங்கு வேகமாக ஈரத்தை இழுக்கும். காலின் அடி அப்படி அறுபட்ட முனை. தரையில் தேங்கிய தண்ணீரில் ஸ்ட்ரா போட்ட மாதிரி நிற்கிறது. கவிழ்த்துப் போட்டு அங்கேயும் இரண்டு கோட் அடிக்கலாம் என்று யாருக்கும் தோன்றாது. அங்கேதான் முகம் தெரியாதே!

மரத்தின் ஈரம் அதன் உலர்ந்த எடையில் சுமார் 20 சதவீதத்தைத் தாண்டாதவரை மரத்தை அரிக்கும் பூஞ்சைக்கு வேலை கிடையாது. மரம் நனைவது குற்றமில்லை, காயாமல் கிடப்பதுதான் குற்றம்.

மரம் தேர்ந்தெடுக்கும்போது 'தேக்குங்க' என்ற ஒரு சொல்லில் எல்லாரும் மயங்கிவிடுகிறார்கள். தேக்கிலும் வைரம் (நடுவில் இருக்கும் முற்றிய மரம்) உண்டு, வெளிறும் (பட்டையை ஒட்டிய வெளிர்நிற இளமரம்) உண்டு. மரங்களின் உழைப்பை 1 முதல் 5 வரை வகுக்கும் ஐரோப்பியத் தரநிலை இ.என். 350, வேறு சான்று இல்லாவிட்டால் எந்த மரத்தின் வெளிறையும் 5-இல்தான் வைக்கிறது. பரீட்சை மொழியில் ஃபெயில். பலகையின் ஓரத்தில் வெளுத்த கோடு அகலமாக ஓடினால் அதுதான் வெளிறு. அதைக் கண்ணில் படாமல் ஒளிக்கிறோம் என்று நினைத்துக் காலடிப் பக்கமாகத் திருப்பி வைப்பதுதான் வேடிக்கை. பைன் வாங்கினால் மருந்தை அழுத்தத்தில் ஏற்றிய கட்டையாகப் பாருங்கள். அதிலும் அறுத்த இடத்தில் மருந்து ஏறாத உட்பகுதி வெளியே வந்துவிடும். அங்கே மருந்தைத் திரும்பத் தடவ வேண்டும்.

ஓக் மரத்தில் சாதா இரும்பு ஸ்க்ரூ போட்டால், மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்து கருநீலக் கறை வழியும், பெஞ்ச் கண்மை கலைந்து அழுத மாதிரி. 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ போதும். கடலோரம் என்றால் 316 ரகம். உட்காரும் சட்டங்களுக்கு நடுவே 5–6 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். மரம் நீளத்தில் நீளாது, அகலத்தில் உப்பும். நெருக்கி அடித்தால் மழைநாளில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சண்டை போடும்.

இனி, கால். மரம் நன்றாகக் காய்ந்தபின் பெஞ்சைக் கவிழ்த்து, முனையை 80-ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்து, எபாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிசின்) பூசுங்கள். முதல் கோட் கண்ணெதிரே காணாமல் போகும், அவ்வளவு தாகம். முனை குடிப்பதை நிறுத்திப் பளபளக்கும்வரை இன்னும் ஒன்றிரண்டு கோட். பிறகு காலைத் தரையிலிருந்து ஒரு சென்டிமீட்டராவது தூக்கும் நைலான் குமிழ் அடியுங்கள். காலைக் கிண்ணம் போல் மூடும் ரப்பர் ஷூ மட்டும் வேண்டாம். அது தண்ணீரைப் பிடித்துவைத்து வேளாவேளைக்குப் புகட்டும்.

மேற்பூச்சுக்கு எண்ணெயே மேல். வார்னிஷ் படலம் வெயிலில் விரிசல் விடும்; உள்ளே போன தண்ணீர் வெளியே வரத் தெரியாமல் அங்கேயே குடியிருக்கும். எண்ணெய் உரியாது, தேய்த்துவிட்டு மறுபடி தடவலாம். (கடையில் தேக்கு எண்ணெய் என்று விற்பது தேக்கில் பிழிந்ததல்ல. பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெய் போன்றவற்றோடு கரைப்பான் கலந்த சரக்கு.) 120-ஆம் எண் உப்புத்தாளோடு நிறுத்துங்கள், அதற்குமேல் வழவழப்பாக்கினால் எண்ணெய் இறங்காது. தடவி 15–20 நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். விட்டால் பிசுபிசுத்து, எழுந்திருக்கும்போது பெஞ்சும் கூடவே வரப் பார்க்கும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டிய துணி தானே தீப்பிடிக்கும். இது வேடிக்கையில்லை. விரித்து வெளியே காயப்போட வேண்டும்.

பெஞ்ச் நரைத்துவிட்டதே என்று பதற வேண்டாம், அது வெயில் மேல்தோலில் செய்த வேலை. ஸ்க்ரூடிரைவர் முனையால் காலடியைக் குத்திப் பாருங்கள். மரம் எதிர்த்தால் நல்லது. சதக்கென்று இறங்கினால் அறுக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு காலாகக் குறைத்து ஆட்டம் பார்த்தால், மாலைக்குள் பெஞ்ச் மணையாகிவிடும். சமதளத்தில் நிறுத்தி, ஆடும் காலுக்கு ஆப்பு வைத்துப் பெஞ்சை மட்டமாக்குங்கள். ஒரே உயரக் கட்டையின் மேல் பென்சிலைப் படுக்கவைத்து நான்கு கால்களையும் சுற்றிக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் அறுங்கள், ஒரே ஒரு தடவை.