யூசி விண்ணப்பத்துக்கு ஜிபிஏ கணக்கிடுவது எப்படி?

கலிஃபோர்னியாவில் பிள்ளை பதினொன்றாம் வகுப்பை முடிக்கும்போது, பள்ளி ட்ரான்ஸ்கிரிப்டில் (கிரேடுப் பட்டியலில்) இருக்கும் ஜிபிஏவை, அதாவது கிரேடுகளின் சராசரிப் புள்ளியை வைத்தே பல பெற்றோர் யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) கிடைக்குமா என்று யோசிக்கிறார்கள். யூசி விண்ணப்பத்தில் அந்த எண்ணுக்கு வேலையே இல்லை. பாடவாரியான கிரேடுகளை வாங்கிக்கொண்டு, யூசி தன் விதிப்படி புதிதாகக் கணக்கிடும். எஸ்ஏடி, ஏசிடி நுழைவுத் தேர்வு மதிப்பெண்களைச் சேர்க்கைக்குப் பார்ப்பதில்லை என்பதால் இந்த ஜிபிஏவுக்குக் கனம் அதிகம்.

எடுத்துக்கொள்ள வேண்டியவை ஏ-ஜி பட்டியலில், அதாவது சேர்க்கைக்கு யூசி கேட்கும் பாடப் பிரிவுகளின் பட்டியலில் உள்ள பாடங்கள் மட்டுமே. உடற்கல்வி கிரேடு சேராது. காலம், ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையிலிருந்து பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடை வரை. ஒவ்வொரு செமஸ்டர் கிரேடும் தனித்தனி: ஏ 4, பி 3, சி 2, டி 1, எஃப் 0. பிளஸ், மைனஸ் கணக்கில் வராது. ஏ மைனஸும் 4தான், பி பிளஸும் 3தான். 89 சதவீதத்தில் நிற்கும் பாடத்தை செமஸ்டர் முடிவதற்குள் ஏவுக்கு ஏற்றுவது அதனால்தான் அவ்வளவு முக்கியம்.

ஏபி (கல்லூரி நிலைப் பாடம்), ஐபி (சர்வதேசப் பாடத்திட்டம்), யூசி அங்கீகரித்த ஹானர்ஸ் (உயர்நிலைப் பாடம்) ஆகியவற்றில் சி அல்லது அதற்கு மேல் வாங்கினால் செமஸ்டருக்கு 1 புள்ளி கூடும். மொத்தம் 8 செமஸ்டர்தான் வரம்பு. அதிலும் பத்தாம் வகுப்பிலிருந்து 4க்கு மேல் எடுக்க முடியாது. வகுப்பில் சேராமல் ஏபி தேர்வு மட்டும் எழுதினால் இந்தப் புள்ளி கிடைக்காது. பள்ளி ‘ஹானர்ஸ்’ என்று பெயர் வைத்தாலும் போதாது. யூசியின் ஏ-ஜி பாடப் பட்டியலில் பள்ளியின் பெயரைத் தேடி, அந்தப் பாடத்துக்கு ஹானர்ஸ் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு ஆண்டுகளில் 20 செமஸ்டர் கிரேடுகள் என்று வைத்துக்கொள்வோம்: 12 ஏ, 7 பி, 1 சி. 48 + 21 + 2 = 71. அதை 20ஆல் வகுத்தால் 3.55. பத்தாம் வகுப்பில் ஒரு ஏபி, பதினொன்றில் நான்கு என்றால் 10 செமஸ்டர். வரம்புப்படி 8 மட்டும் கூட்டினால் 79, அதாவது 3.95.

ஜிபிஏவை மட்டும் எண்ணிப் பத்தாம் வகுப்பிலேயே மூன்று ஏபி எடுப்பது வீண் என்பேன். மூன்றாவதற்குக் கூடுதல் புள்ளி இல்லை. அதன் சுமையால் வேறொரு பாடம் இரு செமஸ்டரும் ஏவிலிருந்து பிக்கு இறங்கினால், மேலே சொன்ன கணக்கில் 0.1 போய்விடும். பாடத்தின் மீது உண்மையான ஆர்வம் இருந்தால் அது வேறு. 8 செமஸ்டர் வரம்பில்லாமல் கணக்கிட்ட ஜிபிஏவையும் பாடத்தேர்வின் கடினத்தையும் யூசி பார்க்கத்தான் செய்கிறது.

குறைந்தபட்சத் தகுதி, கலிஃபோர்னியாவாசிகளுக்கு 3.0, வெளியாருக்கு 3.4. டி, எஃப் வந்த பாடத்தைத் திரும்பப் படித்தால் புதிய கிரேடு கணக்கில் வரும். சி வந்ததைத் திரும்பப் படித்துப் பயனில்லை. ஒன்பதாம் வகுப்பு கிரேடு ஜிபிஏவில் சேராவிட்டாலும், அங்கே வாங்கிய டி ஏ-ஜி தேவையை நிறைவு செய்யாது.

விண்ணப்பிக்கும்போது ட்ரான்ஸ்கிரிப்ட் அனுப்புவதில்லை, கிரேடுகளை மாணவரே பதிய வேண்டும். நினைவிலிருந்து பதியாமல், ட்ரான்ஸ்கிரிப்டைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிட்டுப் பதியச் சொல்லுங்கள். திரும்பப் படித்த பாடமானால் பழைய கிரேடையும் காட்ட வேண்டும். இடம் கிடைத்தபின் பள்ளி அனுப்பும் இறுதி ட்ரான்ஸ்கிரிப்டோடு பொருந்தாவிட்டால் சேர்க்கையையே ரத்து செய்யலாம்.