பச்சை நிறத்துக்கு மாறிய ஒரு பெயர்ப்பலகை

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் பள்ளியின் இளம் செஞ்சிலுவைச் சங்க மாணவர்களை வேலூர் காந்தி ரோட்டுக்கு அழைத்துச் சென்று, வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை எங்கெல்லாம் இருக்கிறது என்று எழுதிவரச் சொன்னேன். மருந்துக் கடை, ரத்தப் பரிசோதனை நிலையம், மருத்துவர்களின் கார் கண்ணாடி, தனியார் ஆம்புலன்ஸ் என்று அரை மணி நேரத்திலேயே ஒரு பக்கம் நிரம்பிவிட்டது. நோயாளிகளை நம்பியே வாழும் ஊர் இது. ஆனால் அவர்கள் எழுதிவந்த இடங்களில் ஒன்றுக்குக்கூட அந்தச் சின்னத்தைப் பயன்படுத்தும் உரிமை இருந்ததாகத் தெரியவில்லை.

அது மருத்துவத் தொழிலின் சின்னம் அன்று. 1859இல் இத்தாலியின் சோல்ஃபெரினோ போர்க்களத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்த வீரர்களைச் சுவிட்சர்லாந்து வணிகர் ஹென்றி டியூனான் கண்டதன் விளைவாக, 1864இல் முதல் ஜெனீவா ஒப்பந்தம் பிறந்தபோது, காயம்பட்டவர்களையும் அவர்களைக் கவனிப்பவர்களையும் சுடக் கூடாது என்பதற்கு அடையாளமாக வந்தது அது. துப்பாக்கியால் குறிவைத்தவன் ஒரு நொடியில் அதைப் பார்த்துக் கையை எடுக்க வேண்டும். கண்ட இடமெல்லாம் அது தென்பட்டால், அந்த நொடியில் அதற்கு என்ன மதிப்பு இருக்கும்? நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தச் சட்டம், மத்திய அரசின் அனுமதியின்றி இச்சின்னத்தைப் பயன்படுத்தத் தடை விதிக்கிறது. மீறினால் 500 ரூபாய் வரை அபராதம். இந்தத் தொகைக்கு யாரும் அஞ்சப்போவதில்லை என்பதால், எடுத்துச் சொல்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

1949ஆம் ஆண்டின் நான்கு ஜெனீவா ஒப்பந்தங்களும், அவற்றை மதிப்பதோடு பிறரை மதிக்கச் செய்யவும் வேண்டும் என்று முதல் பிரிவிலேயே அரசுகளைக் கட்டுப்படுத்துகின்றன. அமைதிக் காலத்திலேயே மக்களிடம் அவற்றைப் பரப்ப வேண்டும் என்றும் சொல்கின்றன. இதை வகுப்பில் விளக்கும்போது நான் நம் வேலூர்க் கோட்டையைத்தான் காட்டுவேன். 1806 ஜூலை 10 அன்று அங்கே நடந்த சிப்பாய்கள் எழுச்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து குதிரைப் படையோடு வந்த ஆங்கிலேயத் தளபதி கில்லஸ்பி, அரண்மனைக்குள் அடைக்கலம் புகுந்திருந்த ஏறத்தாழ நூறு சிப்பாய்களை வெளியே கொண்டுவந்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொல்லச் செய்தார். பிடிபட்டவரைக் கொல்லாதே என்று தடுக்க, உலக நாடுகளுக்குப் பொதுவான ஒப்பந்தம் எதுவும் அன்று இல்லை. அந்த எழுச்சியின் நினைவாக மக்கானில் நிற்கும் தூணுக்கு ஆண்டுதோறும் மலர் வைக்கும் நாம், அந்தச் சுவரையும் பிள்ளைகளிடம் பேச வேண்டும் என்பது என் கருத்து.

ஒப்பந்தம் வந்த பிறகும் மீறல் நிற்கவில்லை. 2009 பிப்ரவரியில் இலங்கைப் போரின்போது வன்னியில் புதுக்குடியிருப்பு மருத்துவமனை மீது குண்டுகள் விழுந்ததைச் செஞ்சிலுவைப் பன்னாட்டுக் குழுவே உறுதிசெய்தது. ஆனால் அதே குழுதான் காயம்பட்டவர்களைக் கடற்கரையிலிருந்து கப்பலேற்றித் திருகோணமலைக்குக் கொண்டுசென்றது. காந்தி ரோட்டுக்கு எங்களோடு வந்தவர்களில் மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் முகாமில் வசிக்கும் மாணவி ஒருத்தியும் இருந்தாள். மருந்துக் கடைக்காரர் ஒருவர், “இருபது வருஷமா இந்த போர்டுதான் சார், இது டாக்டருங்க சின்னம்தானே?” என்று கேட்டபோது, நான் சட்டத்தை எடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“இல்லண்ணா. சண்டையில எங்க பெரியம்மாவுக்குக் கால்ல அடிபட்டப்போ, இந்தக் கொடி போட்ட கப்பல்லதான் ஏத்திவிட்டாங்க.”

அவர் பலகையை நிமிர்ந்து பார்த்தார், பதில் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து அவ்வழியே போனபோது, சிலுவைக்குப் பச்சை அடித்திருந்தார். டியூப்லைட் வெளிச்சத்தில் ஓரங்களில் சிவப்பு இன்னும் தெரிந்தது. நான் நிற்பதைக் கண்டதும், “இன்னொரு கோட் அடிக்கணும் சார், பெயிண்டர் ஞாயித்துக்கிழமை வரேன்னிருக்கான்” என்றார்.