‘அந்த மூணு நாள்’ எத்தனை நாள்?

மாதவிடாயைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும் என்கிறோம். ஆனால் பேச்சு ‘அந்த மூணு நாள்’, ‘உடம்பு சரியில்லை’ என்பதோடு நின்றுவிடுகிறது. மூணு நாள் என்பதே சரியில்லை. 2 முதல் 7 நாள் வரை எல்லாமே இயல்புதான். கூச்சத்தை விட்டால் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும்.

‘கடைசியாக எப்போது பீரியட்ஸ் வந்தது?’ என்று மருத்துவர் கேட்டால் பலர் அது முடிந்த தேதியைச் சொல்வார்கள். அவர் கேட்பது தொடங்கிய தேதியை. முந்தின நாள் பழுப்பாக ஒரு துளி பட்டிருந்தால் அதை விட்டுவிடுங்கள். ரத்தம் சரியாகப் போகத் தொடங்கியதே முதல் நாள். அங்கிருந்து அடுத்தது தொடங்கும் வரை ஒரு சுழற்சி. பெரியவர்களுக்கு 21 முதல் 35 நாள், பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் 45 நாள் வரைகூடப் போகலாம்.

‘தள்ளிப்போச்சு’ என்கிறோமே, உண்மையில் தள்ளிப்போவது கருமுட்டை வெளிவரும் நாள். அது வெளிவந்த பிறகு பெரும்பாலும் இரண்டு வாரத்தில் ரத்தப்போக்கு வந்துவிடும். முட்டை வெளிவருவதற்கு முந்தைய முன்பாதிதான் நீளும், குறையும். 35 நாள் சுழற்சி உள்ளவருக்கு முட்டை ஏறக்குறைய 21ஆம் நாள் வரும், 14ஆம் நாள் அல்ல. காய்ச்சல், மன அழுத்தம், திடீரென்று எடை குறைவது எல்லாம் இந்த முன்பாதியைத்தான் இழுத்தடிக்கின்றன. மாதவிடாய்க் கணக்கு வைக்கும் செல்போன் செயலி காட்டும் தேதி பழைய மாதங்களின் சராசரி, அவ்வளவுதான். அதை நம்பிக் கருத்தடையைத் திட்டமிடாதீர்கள்.

அடுத்தது அளவு. ஒரு முறைக்கு மொத்தம் 30 முதல் 40 மில்லி ரத்தம் போகிறது. இரண்டு மூன்று மேசைக்கரண்டிதான். பேடில் அதிகமாகத் தெரிவதற்குக் காரணம், கர்ப்பப்பையின் உள்படலமும் சளியும் கூடவே வருவது. 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம். மில்லிக் கணக்கை யார் பார்க்கிறார்கள் என்று கேட்கலாம். அளவுக் கோடு போட்ட மென்ஸ்டுரல் கப் (பேடுக்குப் பதிலாக உள்ளே வைத்து ரத்தத்தைச் சேகரிக்கும் கிண்ணம்) வைத்திருப்பவர் பார்க்கலாம். மற்றவர்களுக்கு வேறு அடையாளங்கள் உண்டு. ஒரு மணி நேரத்திலேயே பேட் முழுக்க நனைந்து, அடுத்தடுத்த மணிகளிலும் அப்படியே இருப்பது. இரவில் மாற்றுவதற்காகவே எழுந்திருப்பது. இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் ரத்தக் கட்டிகள் விழுவது. இதில் எது இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். ‘அதிகமா போகுது’ என்று சொல்லாமல் ‘நேற்று ஒன்பது பேட், மூன்று முழுக்க நனைந்தது’ என்று சொல்லுங்கள். ஹீமோகுளோபினோடு, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கலாமா என்று கேளுங்கள். உடலின் இரும்புச் சேமிப்பு கரைந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும்.

வலிக்குக் காரணம் பெரும்பாலும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள். உள்படலத்தில் சுரந்து கர்ப்பப்பைத் தசையை இறுக்கிப் பிழிகிறது. அது குடலையும் கிளறிவிடுவதால்தான் முதல் நாளில் சிலருக்கு வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொள்கிறது. ஐபுபுரூஃபன், மெஃபனமிக் அமிலம் போன்ற வலி மாத்திரைகள் இந்தச் சுரப்பையே தடுப்பவை. ‘தாங்க முடிகிறவரை தாங்குவோம்’ என்று காத்திருந்து உச்சத்தில் போட்டால் ஏற்கெனவே சுரந்ததை அவை ஒன்றும் செய்யாது. வலி தொடங்கும்போதே, சாப்பிட்ட பிறகு போட வேண்டும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் கேட்காமல் போடக் கூடாது. மாத்திரைக்கும் அடங்காமல் மாதாமாதம் படுக்க வைக்கிற வலிக்கு எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்படலம் போன்ற திசு அதற்கு வெளியே வளர்வது) போன்ற காரணம் இருக்கலாம். ‘எல்லாருக்கும் இப்படித்தான்’ என்ற ஒற்றைப் பதில்தான் அதைப் பல ஆண்டுகள் மறைத்து வைக்கிறது.

மகளிடம் எப்போது பேசுவது? மார்பு அரும்பத் தொடங்கி ஏறக்குறைய இரண்டு, இரண்டரை ஆண்டில் பூப்பு வரும். ஆகவே அரும்பும்போதே பேசிவிடலாம். முதல் ரத்தம் சிவப்பாக இல்லாமல் பழுப்புக் கறையாகவும் வரலாம் என்று அப்போதே சொல்லுங்கள். தெரியாத பிள்ளை உள்ளாடையில் மலம் பட்டுவிட்டதென்று நினைத்து ஒளித்து வைக்கும். ஒரு பேடைப் பிரித்து, பசைப் பக்கத்தை உள்ளாடையில் ஒட்டி, இரு இறக்கைகளையும் அடியில் மடித்துக் காட்டுங்கள். குறைவாகப் பட்டாலும் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கறையைக் குளிர்ந்த நீரில் அலச வேண்டும். வெந்நீர் ஊற்றினால் துணியிலேயே பிடித்துக்கொள்ளும். மகன் பக்கத்தில் இருந்தால் அவனை எழுந்து போகச் சொல்லாதீர்கள்.