புங்கங்கொட்டையில டீசல், மூணாவது பேட்ச்தான் உருப்படி

எல்பிபி (கீழ்பவானி) வாய்க்கா ஓரமா எங்க தோட்டத்துல ஆறு புங்கமரம் நிக்குது. பங்குனி, சித்திரையில காய் கொட்டுனா கால் வைக்க எடம் இருக்காது, இத்தனை வருசமா கூட்டி குப்பமேட்டுல போட்டதுதான். சாளைக்குள்ள அப்பிச்சி காலத்து 5 ஹெச்பி ஆயில் இன்ஜின் ஒன்னு, மோட்டாருக்கு ஃப்ரீ கரண்ட் வந்ததுல இருந்து சும்மா கெடக்கு. கொட்டை எண்ணெயை டீசலாக்கி அந்த இன்ஜினை ஓட்டி பாத்தா என்னன்னு ஒருநாள் ராத்திரி தோணுச்சு, அதுல புடிச்ச கிறுக்கு.

போன வருசத்து காய் நாலு சாக்கு மாட்டுக்கொட்டாய் பக்கத்துல இருந்துச்சு. ஓடு லேசுல உடையாது, கட்டையில அடிச்சு அடிச்சு 30 கிலோ கொட்டை எடுக்கறதுக்குள்ள கை காப்பு காச்சிருச்சு. செக்குக்கு கொண்டுபோனா அவரு வாசல்லயே நிறுத்திட்டாரு. "தம்பி, இத ஆட்டுனா கசப்பும் நாத்தமும் செக்கை உட்டு போகாது, நாளைக்கு எள்ளு கொண்டுவர்றவங்க என்னைய சும்மா உடுவாங்களா"ன்னாரு, நாயந்தான். அப்பறம் வேப்பங்கொட்டை மட்டும் ஆட்டுற ஒரு எக்ஸ்பெல்லருக்கு போயி ஏழரை லிட்டர் எண்ணெய் வாங்கியாந்தேன். புண்ணாக்க மாடு மோந்துகூட பாக்கல, மஞ்சக்காட்டுக்கு உரமா போயிருச்சு.

அடுத்த தலைவலி மெத்தனால், எண்ணெயை டீசலா மாத்த அது வேணும். லைசென்ஸ் இல்லாம வாங்கவும் முடியாது வச்சிருக்கவும் முடியாது, 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில மெத்தனால் கலந்த சாராயத்தை குடிச்சு 60 பேருக்கு மேல செத்துப்போனாங்கல்ல, அதுக்கப்பறம் பேரை சொன்னாலே கடைக்காரங்க ஒருமாதிரி பாக்கறாங்க. பங்காளி ஒருத்தன் காலேஜ்ல கெமிஸ்ட்ரி வாத்தியாரு, அவன் லேப்லயே பண்ணலாம்னு ஒத்துக்கிட்டான். வீட்டு சமையக்கட்டுல யாரும் இத பண்ணி தொலைக்காதீங்க, அந்த ஆவி கண்ணுக்கும் ஆகாது, தீயும் புடிக்கும்.

முதல் பேட்ச் 1 லிட்டர். எண்ணெயை 60 டிகிரிக்கு சூடு பண்ணி, 200 மில்லி மெத்தனால்ல 7 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடை கரைச்சு ஊத்தி ஒரு மணி நேரம் கலக்குனோம் (64 டிகிரி தாண்டுனா மெத்தனால் கொதிச்சிரும், அதனால தெர்மாமீட்டரை உட்டு கண்ணை எடுக்கல). காலையில ரெண்டா பிரிஞ்சு மேல டீசல் கீழ கிளிசரின்னு நிக்கும்னு ஆசையா போயி பாத்தா மொத்தமும் ராயிக்களி மாதிரி ஒரே கட்டி, சோப்பு!

பங்காளி தலையில அடிச்சுக்கிட்டான், "எண்ணெயோட அமிலத்தை பாக்காம ஊத்துனா வேற என்ன ஆகும்"னு. லிட்டருக்கு 1 கிராம் காரம் (அதே பொட்டாசியம் ஹைட்ராக்சைடுதான்) போட்ட தண்ணிய, ஆல்கஹால்ல கரைச்ச 1 மில்லி எண்ணெய்ல சொட்டு சொட்டா உட்டோம், பினாப்தலீன்ங்கற நெறங்காட்டி ரோஸ் ஆகறதுக்கு 12 மில்லி குடிச்சிருச்சு. அதாவது லிட்டருக்கு 12 கிராம் காரத்தை அமிலமே திங்குற எண்ணெயில நாங்க போட்டது 7, அப்பறம் எங்க இருந்து வேலை நடக்கும். ஐப்பசி மழையில ஈரம் ஏறி சாக்குக்குள்ளயே எண்ணெய் கெட்டுப்போயிருக்கு.

ரெண்டாவது பேட்ச்சும் அதே எண்ணெய்தான், ஆனா மொதல்ல மெத்தனாலும் கொஞ்சம் சல்ப்யூரிக் ஆசிடும் உட்டு சூடு பண்ணி அந்த அமிலத்தை எஸ்டரா (நமக்கு வேண்டிய டீசலே அதுதான்) மாத்திட்டு அப்பறம் காரம். இந்த தடவை பிரிஞ்சுச்சு, கருப்பட்டிப்பாகு நெறத்துல கிளிசரின் அடியில உக்காந்துச்சு. சந்தோசத்துல தண்ணி ஊத்தி கழுவறேன்னு கேனை புடிச்சு குலுக்குனேன் பாருங்க, மொத்தமும் மோராயிருச்சு, மூணு நாளாகியும் தெளியல. ஸ்ப்ரேயர்ல பனி மாதிரி மேலாக்க தெளிக்கணுமாமா, இத முன்னாடியே சொல்லிருந்தா என்ன.

மூணாவதுக்கு இந்த வருசத்து காய். உழுந்த வாக்குல பொறுக்கி, எட்டு நாள் மொட்டமாடியில நல்லா காயவச்சு, உடைச்ச மக்காநாளே ஆட்டியாச்சு. அதே சொட்டு சோதனையில (டைட்ரேஷன்) வெறும் 3 மில்லி! ஆசிட் வேலையே வேண்டாம், வேலைக்கு வேண்டிய 7 கூட அமிலத்துக்கு 3 சேத்து லிட்டருக்கு 10 கிராம், நேரா ஒரே தடவை. கழுவி சூடு பண்ணி ஈரத்தை ஓட்டுன பொறவு 900 மில்லி கிட்ட, தேன் நெறத்துல கண்ணாடியாட்டம். மாறாத எண்ணெய் மிச்சமிருக்கான்னு 27 மில்லி மெத்தனால்ல 3 மில்லி உட்டு பாத்தோம், அடியில எண்ணெய் ஒரு சொட்டு தங்கல. மெசின் இல்ல மருந்து இல்ல, காயோட பக்குவம்தான் எல்லாமேன்னு புரிய மூணு பேட்ச் ஆச்சு.

காட்டாமணக்கு கூத்து ஞாபகம் இருக்கா, மத்திய அரசோட 2009 பயோஃப்யூல் பாலிசியில 2017க்குள்ள டீசல்ல 20 சதவீதம் இந்த மாதிரி கொட்டை எண்ணெய் டீசலை கலக்கலாம்னு எழுதுனாங்க, எங்க பக்கம் நட்டவங்க பல பேரு புடுங்கியே போட்டுட்டாங்க. புங்கமரம் யாரும் நடாமயே வாய்க்கா ஓரத்துல நிக்குது.

அப்பறம் 5 லிட்டர் காச்சி இன்ஜினுக்கு. டீசல்ல ஸ்டார்ட் பண்ணி பாதிக்கு பாதி கலந்தோம், கரும்புகை கொறஞ்சது கண்ணுலயே தெரிஞ்சுச்சு, இருபது நிமிசத்துல மக்கர். ஃபில்டரை கழட்டுனா கறுப்பு சேறு, டேங்க்ல இருபது முப்பது வருசமா படிஞ்ச கசடை நம்ம டீசல் கரைச்சு கொண்டாந்து அடைச்சிருச்சு. கழுவி மாட்டி தனியா நம்மதை மட்டும் ஊத்துனோம், முக்கா மணி நேரம் தண்ணி எறச்சுது. ஆத்தா வாய்க்கா வரைக்கும் வந்து பாத்துட்டு "என்னமோ பண்டம் சுட்ட வாசமடிக்குது"ன்னு போயிட்டாங்க. மறுவாரம் ரப்பர் ஹோஸ் ஊறி கொழகொழன்னு ஆயிருச்சு, வேற மாத்தணும்.

கூலி, ஆட்டுக்கூலி, மெத்தனால் எல்லாம் கூட்டுனா பங்க்ல விக்கற டீசல் வெலையை தாண்டிருது, என் கைவலிக்கு கணக்கே போடல. மொட்டமாடியில இன்னும் ரெண்டு சாக்கு காயுது, மேகம் கட்டுது, தார்ப்பாய் எங்க வச்சேன்னு தெரியல.