பாஸ்டனில் தேவாலய வெள்ளி பார்க்கப் போகிறவர்களுக்கு

பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் பச்சை லைன் ரயிலில் ‘ஈ’ எழுத்து போட்ட வண்டியில்தான் ஏற வேண்டும். வேறு எழுத்தென்றால் காப்ளி நிறுத்தம் தாண்டியதும் கென்மோர் பக்கம் திரும்பிவிடும். செவ்வாய்க்கிழமை விடுமுறை. அமெரிக்கக் கலைப் பிரிவில் பாஸ்டன் வெள்ளிக்கொல்லர் பால் ரிவியர் 1768-இல் செய்த கிண்ணத்தைச் சுற்றி எப்போதும் கூட்டம் இருக்கும். அதோடு திரும்பிவிடாதீர்கள். நியூ இங்கிலாந்துச் (பாஸ்டனைச் சுற்றியுள்ள வடகிழக்கு மாநிலங்கள்) சபையார் தங்கள் கோயிலுக்குக் கொடுத்த திருவிருந்து வெள்ளியையும், அதாவது இராப்போஜனத்தில் திராட்சரசம் பரிமாறிய பாத்திரங்களையும், தேடிப் பாருங்கள்.

முதல் பார்வைக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். சிலுவையோ வேலைப்பாடோ இல்லாத பிடியில்லா டம்ளர், இரட்டைப் பிடிக் கோப்பை, மூடி போட்ட பீர்க் குவளை. இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய கண்டிப்பான புராட்டஸ்டண்டுகளான பியூரிட்டன்களுக்கு இராப்போஜனம் என்பது பந்தி; பலிபீடமும் மண்டியிடுவதும் ரோமன் கத்தோலிக்க வாடை அடிக்கும் சமாச்சாரம். அதனால் வீட்டில் பீரும் சைடரும் குடித்த பாத்திரமே போதும் என்றிருந்தார்கள். டீக்கன்மார் (சபையின் உதவி ஊழியர்கள்) அதை இருக்கைகளுக்குக் கொண்டுபோக, ஒருவர் குடித்து அடுத்தவருக்குக் கொடுப்பார். பாத்திரங்கள் பெரும்பாலும் உயில் வழியாக வந்தவை: இருந்த குவளையையே எழுதிவைப்பார்கள், அல்லது புதிது வாங்கப் பணம்.

இங்கிலாந்து வெள்ளியில் லண்டன் போன்ற ஊரின் முத்திரையும் ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் இருக்கும். எந்த வருடத்துச் சரக்கு என்று சொல்லிவிடலாம். காலனிகளில் தர முத்திரை குத்தும் அலுவலகமே கிடையாது. செய்தவரின் தலைப்பெழுத்து மட்டும்தான். ஐ.எச்., ஆர்.எஸ். என்று பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஜான் ஹல்லும் (அப்போது ‘ஜே’-க்குப் பதில் ‘ஐ’ போடுவார்கள்) ராபர்ட் சாண்டர்சனும். 1652-இல் மாசச்சூசெட்ஸ் நாணயச்சாலையை நடத்தத் தொடங்கிய அதே கூட்டாளிகள்.

வங்கி இல்லாத ஊரில் கைக்கு வந்த ஸ்பானிய வெள்ளிக்காசை உருக்கிப் பாத்திரமாக்கி வைப்பதே சேமிப்பு. திருடு போனால் அடையாளம் சொல்ல எழுத்து வெட்டுவார்கள். நம்மூர் எவர்சில்வர் தூக்கில் பேர் வெட்டுவதைப் போலத்தான். பிடியிலோ அடியிலோ மூன்று எழுத்து முக்கோணமாக இருக்கும்: மேலே குடும்பப்பெயர், கீழே இடப்பக்கம் கணவன், வலப்பக்கம் மனைவி. அடியில் கீறிய எண்கள் எடை, டிராய் அவுன்ஸிலும் பென்னிவெயிட்டிலும். 20 பென்னிவெயிட் ஓர் அவுன்ஸ், அதாவது சுமார் 31.1 கிராம். இன்றைய எடை கீறலைவிடக் கொஞ்சம் குறைந்தால் தேய்மானம் என்று கொள்ளலாம். கூடினால்தான் சந்தேகப்பட வேண்டும்: யாரோ ஏதோ ஒட்டவைத்திருக்கிறார்கள்.

பலரும் சறுக்குவது தேதியில். ‘இன்னார் காணிக்கை’ என்று வெட்டிய வருடம் கொடுத்த வருடம். செய்த வருடமாக இருக்க வேண்டியதில்லை. பாஸ்டன் முதல் சபைக்கு மாசச்சூசெட்ஸ் ஆளுநர் ஜான் வின்த்ராப் கொடுத்த கோப்பை லண்டனில் 1610–11-இல் செய்தது. பாஸ்டன் நகரமே 1630-இல்தான் உருவானது.

பழைய குவளைகளுக்குப் பெரிய கேடு செய்தது 19-ஆம் நூற்றாண்டு. பீர்க் குவளைக்கு மூக்கு ஒட்டி ஜாடியாக்கினார்கள். பிற்பாடு சிலர் அதைப் பிடுங்கி ஒட்டுப்போட்டார்கள். பிடிக்கு நேர் எதிர்ப்பக்கம் நிறம் சற்று மாறியோ லேசான வரம்பு தெரிந்தோ இருந்தால் அதுதான். அடுத்த எதிரி பாலிஷ். தேய்க்கத் தேய்க்க எழுத்து மங்கும், விளிம்பு மழுங்கும். ஊதா கலந்த சாம்பல் திட்டு தெரிந்தால் அழுக்கென்று நினைக்க வேண்டாம். சூடுபடுத்தியபோது கலப்புச் செம்பு உள்ளுக்குள் ஆக்சைடானது, மேல்தோல் போனதும் வெளியே வந்திருக்கிறது. இன்னும் தேய்த்தால் வெள்ளிதான் போகும்.

கிருமி பயம் வந்து 1890-களில் ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் புழக்கத்துக்கு வந்ததும் இவை பெட்டிக்குள் போயின. 1911-இல் இதே அருங்காட்சியகம் தேவாலய வெள்ளிக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தது.

அருங்காட்சியகத்தில் இருப்பதெல்லாம் அதற்கே சொந்தமல்ல. அதனால் விவரச்சீட்டின் கடைசி வரியையும் படியுங்கள். ‘காணிக்கை’ என்றிருந்தால் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். சபையின் ‘இரவல்’ என்றிருந்தால் சபைக்கே சொந்தம்; அது திரும்ப எடுத்துக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். பாஸ்டனின் ஓல்டு சவுத் சபை 2012 டிசம்பரில் தன்னிடமிருந்த 1640-ஆம் ஆண்டு பைபிள் சங்கீதங்களின் புத்தகத்தின் ஒரு பிரதியோடு 19 வெள்ளிப் பொருட்களையும் விற்க வாக்களித்து அனுமதி கொடுத்தது. புத்தகம் மட்டும் மறு ஆண்டு 1 கோடியே 41 லட்சம் டாலருக்கு மேல் போனது. குறிப்பிட்ட ஒரு கிண்ணத்துக்காகவே போகிறீர்களென்றால், அது பார்வைக்கு இருக்கிறதா, எந்த அறையில் என்று அருங்காட்சியகத்தின் இணையப் பட்டியலில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.