இறங்கும் சத்தம்

ஜூன் 9, திங்கள்

இன்று வாலிபால் பயிற்சிக்குப் பதினோரு பிள்ளைகள் வந்தார்கள். சத்துணவுக் கூடத்துச் சுவரில் குதி அளந்தோம். விரல் நுனியில் சாக்பீஸ் பொடி தடவி, நின்றபடி எட்டித் தொட்டால் ஒரு கறை, குதித்துத் தொட்டால் இன்னொரு கறை. நடுவில் உள்ளதுதான் குதி. ஆளுக்கு மூன்று வாய்ப்பு கொடுத்தேன். எழும்பிப் பந்தை அடிப்பவள், பிளஸ் ஒன் படிக்கும் எங்கள் அட்டாக்கர்தான் அதிகம், 36 செ.மீ.

அவள் நின்று கை நீட்டினால் 2.06 மீட்டர். பெண்களுக்கான நெட் 2.24. ஆக, எதிரணி அடிக்கும் பந்தைக் கையால் மறிக்க, அதாவது பிளாக் போட, நின்ற இடத்தில் குதித்தால் விரல் நெட்டுக்கு மேல் 18 செ.மீ. தான் போகும். பந்தின் குறுக்களவே 21 செ.மீ. வருமே!

ஜூன் 12, வியாழன்

யாரையும் குதிக்க விடவில்லை. பிள்ளைகளுக்கு முகமே வாடிவிட்டது. முழங்கால் உயரம்கூட இல்லாத பெஞ்சிலிருந்து இறங்கி, அசையாமல் நிற்க வேண்டும். அவ்வளவுதான் இன்றைய பயிற்சி. நான் திரும்பி நின்றுகொண்டு காதால் மட்டும் கேட்டேன். தொப், தொப் என்று மண் அதிர்ந்தது. முன்பாதம் முதலில் பட்டு, முட்டியும் இடுப்பும் மடங்கி வாங்கிக்கொண்டால் அந்தச் சத்தம் வராது.

அப்புறம் திரும்பிப் பார்த்தேன். நான்கு பேருக்கு முட்டி இரண்டும் உள்பக்கம் சாய்கிறது. அட்டாக்கர் பெண் இடது காலில் மட்டும் இறங்குகிறாள். வலது கையால் அடிப்பவர்கள் பந்தை எட்ட இடப்பக்கம் சாய்வார்கள், மொத்த எடையும் அந்த ஒரு காலுக்குப் போய்விடும்.

"முட்டிச் சில்லுக்குக் கீழ வலிக்குது மிஸ். ஒரு வாரமா."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். டீமிலிருந்து எடுத்துவிடுவேனோ என்று பயந்திருக்கிறாள். எனக்கு அடிவயிறு கலங்கியது. பதினேழு வயதில் நானும் இப்படித்தான் மறைத்தேன். சிமெண்ட் தரையில் தினமும் 200 குதி. இருபத்தொரு வயதில் சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை. நாளைக்கே அவள் அம்மாவைப் பார்த்து, பிசியோதெரபிஸ்டிடம் கூட்டிப்போகச் சொல்ல வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி

சுண்ணாம்பால் தரையில் மூன்று கோடுகள் போட்டேன், கவட்டை மாதிரி. நடுவில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலை ஒவ்வொரு கோட்டிலும் எவ்வளவு தூரம் நீட்ட முடிகிறதோ நீட்ட வேண்டும். அட்டாக்கருக்கு முன்பக்கக் கோட்டில் வலதுக்கும் இடதுக்கும் 6 செ.மீ. வித்தியாசம். நாலைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும்.

வெறுங்காலில் நின்றாள். கட்டைவிரல் செம்மண்ணைக் கவ்வுகிறது, கணுக்கால் நரம்பு துடிக்கிறது, பாதம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கிறது. பேலன்ஸ் என்பதே அந்தத் திருத்தம்தான். ஆடாமல் நிற்கப் பார்க்காதே, ஆடி மீண்டு வா என்றேன். மற்றவர்கள் ஒற்றைக் காலில் நின்றபடியே பந்து பாஸ் செய்தார்கள். ஒரே சிரிப்பு.

ஜூலை 4, வெள்ளி

பிசியோ சரி என்று சொன்ன பிறகு இந்த வாரம்தான் அவளைக் குதிக்க விட்டேன். செவ்வாய், வெள்ளி மட்டும். எல்லாம் சேர்த்து 60 குதி, ஒவ்வொரு ஐந்துக்கும் நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு. மூச்சு வாங்கக் குதித்தால் அது வெறும் ஓட்டப் பயிற்சி மாதிரி ஆகிவிடும்.

உயரத்திலிருந்து விழுந்து உடனே எழும்பும் பயிற்சியை சோவியத் பயிற்சியாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி நன்றாகப் பலம் ஏறிய வீரர்களுக்காக உருவாக்கினார். அதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அப்படியே கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. எங்களுக்கு அந்தப் பெஞ்சே போதும். சுடுமணலில் கால் பட்டதும் எடுப்போமே, அப்படி எடு என்றேன், உடனே பிடித்துக்கொண்டார்கள்.

ஜூலை 19, சனி

அதே சுவர். அட்டாக்கர் 39. முன்பக்க வித்தியாசம் 2 செ.மீ. ஆகக் குறைந்திருக்கிறது. மாடிப்படி ஏறும்போது வலி இல்லையாம்.

சாயங்காலம் ஆட்டம் வைத்தோம். அவள் அடிக்கத் தூக்கிக் கொடுத்த லிஃப்ட் கொஞ்சம் பின்னால் போனது, அவள் சாய்ந்துதான் அடித்தாள். நான் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பாதமும் சேர்ந்து மண்ணைத் தொட்டன, முட்டி மடங்கியது, சத்தமே இல்லை.

"மிஸ், உள்ளயா வெளியயா?" என்று கத்தினாள்.

பந்து எங்கே விழுந்தது என்று நான் பார்க்கவே இல்லை.